இரண்டு சுற்று

தொட்டித் தெருவுக்கு ஒன்பது சுற்று. இது எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்பட்டதல்ல. அந்தச் சின்ன ஊரின் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புக்கு, இறப்புக்கு, வீட்டு வரிக்கு, தெருவிளக்குக்கு, நாய் கடித்ததற்குக்கூடத் தனித்தனிப் பதிவேடு உண்டு. எந்த வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பதிவேடு கிடையாது. அது வால்வுக்காரரின் கைக்குத்தான் தெரியும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கி வரும் ஒரே பெரிய குழாய், இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே ஒரு குழி, அதன்மேல் இரும்பு மூடி. மூடியைத் தள்ளிவிட்டு, மார்பளவு உயரமுள்ள இரும்புச் சாவியை உள்ளே இறக்கி, வால்வின் தலையில் மாட்டித் திருக வேண்டும். தொட்டித் தெரு பக்கத்திலேயே இருப்பது. அதை முழுக்கத் திறந்துவிட்டால் வருவதையெல்லாம் அதுவே குடித்துவிடும். அதனால் ஒன்பது சுற்றோடு நிறுத்தினால், மிச்சத் தண்ணீர் நேராக ஓடி, நாற்பது வீடுகளைக் கடந்து, கடைசித் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழரைக்கு மூடுவார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கை எண்ணிய எண்ணிக்கை அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்பது என்பார்.

போன வருஷம் அவர் மகளைத் தொட்டித் தெருவில்தான் கட்டிக் கொடுத்தார். நல்ல குடும்பம். மாடி வீடு. முதல் தடவை மகளைப் பார்க்கப் போனபோது, அவள் இடுப்பில் குடத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்று, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"வாங்க சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "கீழே தண்ணி நல்லாத்தான் வருது. மாடித் தொட்டிக்குத்தான் ஏற மாட்டேங்குது. ஊருக்கே தண்ணி விடுறவர் பொண்ணு, பாருங்க, படியேறியே பாதியா இளைச்சுட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வால்வுக்காரரும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பத்தொன்பது படி.

மறுநாள் காலை ஒன்பது சுற்று முடிந்ததும் கை சாவியை விடவில்லை. பத்து. பதினொன்று. ஒரு நாளைக்குத்தானே என்று மூடியை இழுத்துப் போட்டார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. "அப்பா! மாடியில தண்ணி ஏறுதுப்பா! தொட்டி நிரம்பி வழியுது. அத்தை பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வராங்க."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் என்பது எட்டு மாதமாயிற்று.

*

கடைசித் தெருவிலிருந்து மனுக்கள் வரத் தொடங்கின. முதல் மனுவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது மனு வந்தபோது பொறியாளரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். மகள் வயதுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மேஜைமேல் கோப்புகள் அவள் முகத்தை மறைக்கும் உயரத்துக்கு இருந்தன.

"தொட்டி நிறையுது. குழாய்ல எங்கேயும் கசிவு இல்ல. கடைசித் தெருவுல மட்டும் நூல் மாதிரி வருதாம். தண்ணி எங்கதான் போகுது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் திட்டக்கூடிய பெண்ணும் அல்ல. வால்வுக்காரர் மேஜையின் காலைப் பார்த்தார்.

"யாராவது மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்களோ என்னவோம்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. குழாயில் மின்மோட்டாரைப் பொருத்தி அடுத்த வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். தான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றுதான் அலுவலகப் படியிறங்கும்போது அவர் நினைத்துக்கொண்டார். நாம் தப்பிக்க ஒரு வார்த்தையை வெளியே விட்டால், அது வெறுங்கையோடு திரும்பி வருவதில்லை. அது அவருக்கு அன்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சோதனைக்குப் போனார்கள். பொறியாளரம்மா, ஒரு எழுத்தர், வால்வுக்காரர். குழாய் இணைப்பு வெட்டுகிற ஃபிட்டர் விடுப்பில் இருந்ததால் அவருடைய பையும் வால்வுக்காரர் தோளில் இருந்தது. தெருமுனையிலேயே பால்காரர் காத்திருந்தார். ஏழு மனுவில் ஐந்து அவர் எழுதியது.

"நாற்பது வீட்டையும் தேட வேண்டாம்மா," என்றார் பால்காரர். "தெருவே காஞ்சு கருவாடா கிடக்கு. ஒரே ஒரு வாசல் மட்டும் பச்சைப் பசேல்னு இருந்தா என்ன அர்த்தம்? நீங்க படிச்சவங்க, நான் சொல்லித்தான் தெரியணுமா?"

பச்சைப் பசேலென்று இருந்தது செடிக்காரம்மாவின் வாசல். தெருவின் கடைசி வீடு. ஐம்பது வயசுக்காரி, தனிக்கட்டை. தகர டப்பாவிலும் கறுப்புப் பையிலும் ரோஜா, மல்லிகை, எலுமிச்சை, பெயர் தெரியாத கொடி என்று வளர்த்து விற்பாள். அத்தனை செடியும் குளித்து முடித்த குழந்தைகள் மாதிரி நின்றன.

"செடிக்கெல்லாம் தண்ணி எங்கிருந்து?" என்று கேட்டாள் பொறியாளரம்மா.

"லாட்ஜுல துணி அலசின தண்ணிம்மா. அவங்க சாக்கடையில கொட்டுறதை நான் கேன்ல பிடிச்சு, தள்ளுவண்டியில கொண்டுவந்துடுவேன். விடியறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுவேன்."

"விடியறதுக்கு முன்னாடியாம்!" என்றார் பால்காரர். "அதான் ஒருத்தர் கண்ணுலயும் படல."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் போய்த் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு மோட்டார் இருந்தது.

சிரிப்பு நின்றது. செடிக்காரம்மா அதைப் பார்த்தாள், பிறகு எல்லோரையும் பார்த்தாள். "அது எங்க வீட்டுக்காரர் கிணத்துக்கு வாங்கினதும்மா. கிணறு வத்திப்போச்சு. அவரும் போயிட்டாரு. மோட்டாரும் எரிஞ்சுபோய்ப் பத்து வருஷமாச்சு. தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான்."

எரிந்த மோட்டாரா என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. இணைப்பு இருக்கிற வீட்டில் மோட்டார் இருந்தாலே துண்டிக்கலாம் என்று விதி இருந்தது. ஏழு மனு இருந்தது. வாசலில் முப்பது பேர் நின்றார்கள். பொறியாளரம்மா வால்வுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "வெட்டிடுங்க," என்றாள்.

வாசலோரம் சரளைக் கல்லில் அவர் முழங்காலை ஊன்றினார். ரம்பத்தைக் குழாயில் வைத்தார். ரம்பம் இரண்டு தடவை வழுக்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கோணிச் சாக்கு, நாலாக மடித்தது, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"கல்லு குத்தும் அண்ணே," என்றாள் செடிக்காரம்மா. "முட்டிக்குக் கீழ போட்டுக்கோங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்ன வேலையைத்தானே செய்யறீங்க."

அவர் சாக்கைப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. குழாயை அறுத்தார். அதன் வாயில் மூடியைத் திருகி அடைத்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

*

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கைகூப்பிக் கண்ணை மூடினார். முப்பது வருஷமாகச் சொல்லும் பிரார்த்தனைதான். முதல் வார்த்தையே வரவில்லை. பத்து, பதினொன்று என்றுதான் வந்தது. மறுபடி மூடிப் பார்த்தார். மறுபடியும் அதே.

இனித் தப்பு செய்ய மாட்டேன் என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டார். அடுத்த முறை தண்ணீர் விடும்போது ஒன்பதோடு நிறுத்தினார். மனசு லேசானது போல இருந்தது. சரியாக ஏழரைக்கு வால்வை மூடப் போனபோது, கடைசித் தெருவே கொண்டாட்டமாக இருப்பதைப் பார்த்தார். குழாய்களில் தண்ணீர் குமிழிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளை வாசலிலேயே நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பால்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல? பார்த்தீங்களா? அவ குழாயை வெட்டின மறு தண்ணிக்கே கொட்டுது பாருங்க! எட்டு மாசமா அத்தனை வீட்டுத் தண்ணியையும் ஒருத்தியே குடிச்சிருக்கா!"

வால்வுக்காரர் கையை உருவிக்கொண்டார். செய்த தப்பைத் திருத்தப்போன கை, அந்த அம்மாவைத் திருடி என்று ஊருக்கு முன்னால் நிரூபித்துவிட்டது. இதுவரைக்கும் சந்தேகப்பட்டவர்கள்தான் இருந்தார்கள். இப்போது சத்தியம் செய்யக்கூடியவர்கள் நாற்பது வீட்டிலும் இருந்தார்கள்.

தெருக்கோடியில் செடிக்காரம்மா தன் வாசலில் நின்று, எல்லார் வீட்டுத் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே குழம்பிப் போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளிடம் யாரும் செடி வாங்கவில்லை. கடந்து போகிறவர்கள், "என்ன, ரோஜாவெல்லாம் வாடிப்போச்சு? மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் லாட்ஜுக்கே போனாள். லாட்ஜ் முதலாளி காதுக்கும் விஷயம் போய், அலசின தண்ணீரும் நின்றது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

இந்தப் பக்கம் தொட்டித் தெருவில் மாடிக்குத் தண்ணீர் ஏறுவது நின்றது. சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டார். "என்ன சம்பந்தி, நம்ம மேல ஏதாவது மனஸ்தாபமா? பொண்ணு ஏதும் சொன்னாளா? இல்ல, திடீர்னு தண்ணி நின்னுபோச்சே, அதான் கேட்டேன்." குரலில் தேன் இருந்தது. தேனுக்குள் தேனீயின் கொடுக்கும் இருந்தது.

*

ஒரு நாள் அலுவலகத்தில் சாவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, செடிக்காரம்மா எழுத்தரின் மேஜைக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தார். எழுத்தர் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. ரெண்டே நாள்ல திரும்ப இணைப்புக் குடுத்துடலாம். 'தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் மோட்டார் வைக்க மாட்டேன்'னு இருக்கு. எல்லாரும் போடுறதுதான்."

"வைக்காத மோட்டாரை இனிமே வைக்க மாட்டேன்னு எப்படிங்க எழுதுறது?"

"அட, சும்மா ஒரு காகிதம்மா. யார் படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சேனே," என்றாள் அவள்.

எழுத்தர் பெருமூச்சு விட்டுத் தாளை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "அப்ப உங்க இஷ்டம். தண்ணி வேணும்னா வாங்க."

அவள் திரும்பும்போது வால்வுக்காரரைக் கண்டாள். ஓடி ஒளிய இடம் இருந்திருந்தால் அவர் ஒளிந்திருப்பார். எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" முகம் ஒரு மாதத்தில் ஒட்டிப்போயிருந்தது. "எனக்கு ஒண்ணும் புரியல. நான் உறிஞ்சல. ஆனா என் குழாயை வெட்டினதும் எல்லாருக்கும் தண்ணி வருது. அது எப்படிண்ணே? சில சமயம் எனக்கே சந்தேகமா இருக்கு. நமக்குத் தெரியாம நாமளே ஏதாவது பண்ணிட்டோமோன்னு. நீங்க இத்தனை வருஷமா தண்ணி விடுறவரு. இவ உறிஞ்சலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

வால்வுக்காரர் வாயைத் திறந்தார். "பார்க்கிறேம்மா," என்றார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

*

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்து, எழுந்துவிட்டார். மனைவி அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு மாசமா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. கேட்டா ஒண்ணுமில்ல. இன்னைக்குச் சொல்லாம இந்த இடத்தை விட்டு நகர முடியாது. சொல்லுங்க."

சொன்னார். பத்தொன்பது படியிலிருந்து கோணிச் சாக்கு வரைக்கும் சொன்னார். முடிந்ததும் மனைவி தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்தாள்.

"வேலை போயிடுமா?"

"போகாது. வேற பக்கம் மாத்துவாங்க. கண்டிச்சுக் காகிதம் குடுப்பாங்க."

"பொண்ணு?"

மனைவி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகல, அந்தச் சம்பந்தியம்மா பொண்ணை வார்த்தையாலயே வறுத்து எடுத்துடுவாங்க. பேசாம இருந்துடுங்கன்னுதான் என் வாயில வருது. உங்களுக்குச் சொல்லல, எனக்கே சொல்லிக்கறேன்." பிறகு, "சாக்கை வேற குடுத்தாளா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அறுக்கிறவனுக்குச் சாக்கு," என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணைக் கேளுங்க. அவ தலையிலதான் விடியப்போகுது. அவளைக் கேக்காம செய்யாதீங்க."

மகளைப் போனில் கூப்பிட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "மாடிக்குத் தண்ணி ஏறலையாம்மா?" என்றார்.

"நீங்க நிறுத்திட்டீங்களாப்பா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"எனக்கு மொத நாளே தெரியும்ப்பா," என்றாள் மகள் மெதுவாக. "ஒரே நாள்ல தானா எப்படி ஏறும்? கேட்டா நீங்க நிறுத்திடுவீங்கன்னு கேக்கல. கடைசித் தெருவுல யாரோ மோட்டார் வச்சுப் பிடிபட்டாங்கன்னு அத்தை சொன்னப்பகூட எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பவும் கேக்கல. நானும்தான்ப்பா அந்தத் தண்ணியில குளிச்சேன்."

"சொல்லிடலாம்னு இருக்கேன். உனக்குத்தான்..."

போனில் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது.

"பயமா இருக்குப்பா," என்றாள். "சொல்லிடுங்க."

*

பொறியாளரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள். கோபத்தைவிட அவள் முகத்தில் வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது. தானும் அந்த மோட்டாரைச் சோதிக்காமல் விட்டது அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

"சரி. ஒண்ணு பண்ணலாம். மோட்டார் வேலை செய்யாததுன்னு தெரிய வந்ததுன்னு எழுதி, அந்தம்மாவுக்கு இணைப்பைத் திருப்பிக் குடுத்துடறேன். ரெண்டு சுத்து விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். காகிதத்துல ஏறினா நான் மேல அனுப்பியே ஆகணும். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம்தானே சர்வீஸ்?"

அது நல்ல மனசோடு சொன்ன யோசனை. திறந்து கிடந்த வாசல் போல இருந்தது அது; உள்ளே நிழல் இருந்தது, நுழைந்துவிட்டால் போதும். வால்வுக்காரர் ஒரு நிமிஷம் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி திரும்பிடும்மா," என்றார். "பேரு திரும்பாது. அவங்க குழாயை வெட்டினப்போதானே தண்ணி வந்துச்சு. காசு குடுத்து இணைப்பைத் திரும்ப வாங்கிட்டாள்னுதான் தெரு பேசும். நான் அங்கயே போய்ச் சொல்லணும்."

"சொன்னா நம்புவாங்களா?"

"காட்டினா நம்புவாங்க."

*

அடுத்த தண்ணீர் நாளன்று ஆறு மணிக்குக் கடைசித் தெருவில் எல்லா வாசலிலும் குடங்கள் வரிசையாக இருந்தன. பொறியாளரம்மா ஓரமாக வந்து நின்றாள். வால்வுக்காரர் ஒன்பது சுற்று திறந்துவிட்டு, தெருவுக்குள் நடந்து வந்தார். குழாய்களில் தண்ணீர் நன்றாக விழுந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றார். "செடிக்காரம்மா மோட்டார் வைக்கல. உங்க தண்ணியை எடுத்தது நான்."

யாருக்கும் புரியவில்லை. "என்ன சொல்றீங்க? நீங்க குடிச்சீங்களா?" என்று ஒருத்தர் கேட்க, ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"என்கூட ரெண்டு பேர் முனைக்கு வாங்க. மத்தவங்க குழாயைப் பார்த்துக்கிட்டே இருங்க."

பால்காரரும் இன்னொருவரும் போனார்கள். வால்வுக்காரர் சாவியைக் குழிக்குள் இறக்கினார். "இது தொட்டித் தெரு வால்வு. இப்ப ஒன்பது இருக்கு. பாருங்க." திருகினார். "பத்து." திருகினார். "பதினொண்ணு."

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தெருவுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "தண்ணி குறையுது!" அடுத்த வீட்டிலும் அதே குரல். வீடு வீடாக அது கடைசி வரைக்கும் போயிற்று. கடைசிக் குழாய்களில் தண்ணீர் விரல் தடிமனாகி, நூலாகி, சொட்டாகியது. செடிக்காரம்மாவின் குழாய் அப்போதும் வெட்டுண்டு, மூடிபோட்டு அடைத்தபடியே இருந்தது. அதை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வால்வுக்காரர் இரண்டு சுற்றைத் திருப்பினார். தண்ணீர் மெல்ல ஏறி வந்தது.

"எட்டு மாசம் இப்படித்தான் திறந்தேன்," என்றார். "என் பொண்ணு வீட்டு மாடிக்குத் தண்ணி ஏறணும்னு. மோட்டாரா இருக்கும்னு மொதல்ல சொன்னதும் நான்தான். இவங்க குழாயை வெட்டின பிறகு பயந்துபோய்த் திரும்ப ஒன்பதுக்கு வந்தேன். அதனாலதான் உங்களுக்குத் தண்ணி வந்துச்சு."

பால்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏமாந்தவருக்கு வரும் கோபம் அது. "ஏன்யா, பொண்ணைக் கட்டிக் குடுத்த இடத்துக்குச் சீர் செய்யணும்னா உன் வீட்டுச் சாமானைத் தூக்கிக் குடுக்கணும். எங்க தண்ணியையா சீரா அனுப்புவே?"

"ரெண்டு குடம் தூக்கி என் புருஷனுக்கு முதுகே போச்சு!" என்றாள் ஒருத்தி.

"பெரிய மனுஷன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தோம், பாரு."

அத்தனையையும் அவர் நின்று வாங்கிக்கொண்டார். ஒன்றுகூடக் கூடுதலாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பால்காரர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, பால்காரரின் மனைவியே குடத்தை நங்கென்று தரையில் வைத்தாள்.

"போதும், நிறுத்துங்க. அவர் பண்ணினது தப்பு, வந்து சொல்லிட்டாரு. நீங்க எப்ப சொல்லப் போறீங்க? அஞ்சு மனு எழுதின கை உங்க கை. நீங்க ஊரெல்லாம் மோட்டார் மோட்டார்னு கத்தினப்போ, ஒரு மாசமா அவங்க வீட்டுப் பின்பக்கச் சுவர் மேல தினம் ஒரு குடம் வச்சது யாருன்னு நினைச்சீங்க? அந்தக் குடமும் நம்ம குடம்தான்."

பால்காரர் வாயை மூடிக்கொண்டார். தெருவில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தெருவின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஒரு வீட்டுப் பெண் செடிக்காரம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். சும்மா நின்றாள். பிறகு இன்னொருத்தி போனாள்.

பொறியாளரம்மா வந்து செடிக்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நானும் சரியாப் பார்க்காம விட்டுட்டேம்மா. அந்தக் காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். நான் ஒண்ணு எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்ககிட்ட தரேன்."

வால்வுக்காரரே உட்கார்ந்து குழாயைப் பொருத்தினார். அரை மணி நேரம் ஆயிற்று. ஏழேகாலுக்கு அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துருவோடு, பிறகு தெளிவாக. செடிக்காரம்மா அதைத் தொடவில்லை. விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து கைகூப்பினார். "என்னை மன்னிச்சுடும்மா."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அன்று வரைக்கும் அவர் தாங்க முடியாமல் தவிர்த்து வந்த பார்வை அது.

"அலுவலகத்துல உங்ககிட்ட வந்து கேட்டேனே அண்ணே," என்றாள். "அப்பவும் உங்களுக்குத் தெரியும். எனக்கே என் மேல சந்தேகமா இருக்குன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமாம்மா."

"மன்னிச்சுட்டேன்னு சொல்லலாம். சொன்னா வாய் வார்த்தையாத்தான் இருக்கும். இன்னும் மனசு ஆறல. ஆறினதும் நானே சொல்லி அனுப்புறேன். போயிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

*

அவருக்குக் காகிதம் வந்தது. தண்ணீர்ப் பிரிவிலிருந்து கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். சாவியை ஒப்படைத்த அன்று, பொறியாளரம்மா புதிதாக ஒரு பதிவேடு வாங்கி, எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். நாற்பத்தாறு வால்வுகள். ஒவ்வொன்றையும் அவர் தயங்காமல் சொன்னார். தொட்டித் தெரு வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

சம்பந்தியம்மா பதினோரு நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மகள் படியேறிக்கொண்டிருந்தபோது, "இப்படி வை, நீ கால் வழுக்கி விழுந்தா அதையும் நான்தான் பார்க்கணும்," என்று திட்டிக்கொண்டே பாதிப் படியில் குடத்தை வாங்கிக்கொண்டாராம். மகள் போனில் சொன்னபோது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

வால்வுக்காரர் இப்போது சாயங்காலம் கண்ணை மூடினால் பிரார்த்தனை வருகிறது. முதலில் வருவது அவருடைய பெயரோ மகளின் பெயரோ அல்ல. அந்தக் கடைசி வீட்டுக் குழாயில் இன்று தண்ணீர் நன்றாக விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் முதலில் வருகிறது. கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது அவருக்கு எப்போதும் சுலபமாக இருந்தது. கேட்ட மாத்திரத்தில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். ஒரு மனுஷியிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பது அப்படியில்லை. அதற்கு நாள் பிடிக்கும். நாள் பிடிப்பது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

மூன்று மாதமாயிற்று. கழிவுநீர் வண்டியோடு கடைசித் தெரு வழியாகப் போகும்போது அந்த வாசலில் புது டப்பாக்களைப் பார்க்கிறார். பால்காரரின் மனைவி அங்கே உட்கார்ந்து பையில் மண் நிரப்பிக்கொண்டிருப்பாள். செடிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தால் அவர் தலையைத் தாழ்த்துகிறார். அவளும் தலையை அசைக்கிறாள். அவ்வளவுதான்.

இன்னும் சொல்லி அனுப்பவில்லை.